கடைசியில் வந்தவர்களோடு

எங்கள் சைக்கிள் குழு மாதந்தோறும் நடத்தும் கூட்டுச் சவாரியில் வரிசையின் கடைசியில் ஓட்டும் பொறுப்பு ஏழு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஸ்வீப் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பணிக்கு ஒரே விதிதான் உண்டு: எனக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது. செயின் கழன்றவர், மூச்சு வாங்கி இறங்கி நிற்பவர், முதன்முதலாகச் சாலைக்கு வந்தவர் ஆகியோரோடுதான் நான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். அப்படிச் சந்தித்தவர்களில் ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மற்ற உறுப்பினர்களும் தங்கள் அனுபவத்தைத் தொடர வேண்டுகிறேன்.

அந்த அம்மையார் ஐம்பத்தைந்து வயதில் எங்களிடம் சைக்கிள் கற்றுக்கொண்டார். பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறையை நாங்கள் கைவிட்டுவிட்டோம். பிடித்திருப்பவரே சாய்வைச் சரிசெய்துவிடுவதால் ஓட்டுபவருக்குச் சமநிலை பிடிபடுவதில்லை. இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுவோம் (இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை அறியாமல் முறுக்கி இறுக்கிவிடுபவர்கள் பலர்). பிறகு, பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் படியுமளவு சீட்டைத் தாழ்த்தி, லேசான சரிவில் காலால் உந்தி உந்திச் செல்லச் சொல்வோம். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும் என்பதை உடல் தானாகக் கண்டுகொள்கிறது. அவருக்கு அது மூன்றாம் நாளில் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பல்லாயிரம் பெண்களுக்குக் கற்றுத்தந்த செய்தியை இளவயதில் படித்து, தனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வராதா என்று ஏங்கியதாக அன்று அவர் சொன்னார்.

அவர் முதன்முறை சவாரிக்கு வந்தபோது ஆறு கிலோமீட்டர் தூரத்தில் பதினொரு முறை இறங்கினார். களைப்பினால் இறங்குகிறார் என்றே நான் எண்ணினேன். உண்மையில், சாலையோர மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடிகள் ஒவ்வொன்றின் முன்பாகவும் அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றார். கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் கிடந்தன; சக்கரம் இடைவெளியில் இறங்கினால் ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். ஆண்டுக்கணக்கில் அதே சாலையில் ஓட்டிய நாங்கள், ஒவ்வொரு மூடியையும் தவிர்க்க வேகமான போக்குவரத்துக்குள் ஒதுங்கிச் செல்வதைப் பழக்கமாக்கிக்கொண்டு, அது ஓர் ஆபத்து என்பதையே மறந்திருந்தோம்.

சாலைப் பொறுப்பாளர்களுக்கு நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களிலெல்லாம் சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்ற பொதுவான கோரிக்கையே இருந்தது. பொதுவான பதில்களே வந்தன. இம்முறை பதினொரு இடங்களையும் வரைபடத்தில் குறித்து, கம்பிகளுக்கிடையே நான்கு சென்டிமீட்டர், எங்கள் டயர்களின் அகலம் மூன்று சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி, பொறியாளரை எங்களோடு ஒரு காலை ஓட்ட அழைத்தோம். அவர் வந்தார். மூன்றாவது மூடியில் அவர் வலப்புறம் விலகியபோது பின்னால் வந்த பேருந்தின் ஹாரன் அவரை உலுக்கிவிட்டது. நான்கு மாதங்களில் எட்டு மூடிகள் குறுக்குக் கம்பி உள்ளவையாக மாற்றப்பட்டன. மீதி மூன்றுக்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

*

கடைசியில் ஓட்டும் நண்பருக்கு நன்றி. நான் சந்தித்தவர் ஒரு லாரி ஓட்டுநர். சவாரி தொடங்கும் திடலின் ஓரத்தில் லாரியை நிறுத்தியிருந்த அவர், எங்களைப் பார்த்ததும் கோபம் கொள்ளாமல், மேலே ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்று அழைத்தார். ஓட்டுநர் இருக்கைக்கு எதிர்ப்பக்கத்தில் லாரியை ஒட்டி நான்கு சைக்கிள்களை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராக ஏறினோம். ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருந்தவற்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை; கண்ணாடியில் கடைசி வண்டியின் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும் என்பதையும் அவர் தரையில் கோடு போட்டுக் காட்டினார். சிக்னலில் நிற்கும் லாரியின் பக்கவாட்டில் நான் எத்தனை முறை நுழைந்து முன்னேறியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு உடல் நடுங்கியது. அன்றிலிருந்து புதியவர்களுக்கான வகுப்பில் முதல் பாடமாக இதையே வைத்திருக்கிறேன்.

*

எனக்கு நேர்ந்தது வருத்தமான அனுபவம். ஆயினும் சொல்லியாக வேண்டும். 1992ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, சைக்கிள் ஓட்டுபவர்கள் பெருங்கூட்டமாகச் சாலையில் செல்லும் கிரிட்டிகல் மாஸ் சவாரிகளின் வழக்கத்தைப் பின்பற்றி, கூட்டம் பிரியாமலிருக்க நாங்களும் சந்திப்புகளில் குறுக்கே நின்று மற்ற வாகனங்களைத் தடுத்து வந்தோம். ஒரு மாலை அப்படி நான் நின்றபோது, கைத்தடியோடு ஒரு பெரியவர் சாலையைக் கடக்கக் காத்திருந்தார். முந்நூறு பேர் கடக்கும்வரை அவரால் காலெடுத்து வைக்க முடியவில்லை. இறுதியில் அவர் என்னிடம், “கார்களாவது சிவப்பு விளக்குக்கு நிற்கும், தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரமே சாலைகளை மோட்டார் வாகனங்களுக்கு மூடித் தருகிறது. இன்று 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலை, காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை, சைக்கிளில் வருபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலைகளில் இறந்தபோது கிளர்ந்த போராட்டமும், நடந்து போகும் குழந்தையையும் சைக்கிளில் போகும் குழந்தையையும் பிரித்துப் பார்க்கவில்லை. நாங்களோ எங்கள் வரிசை அறுபடக் கூடாது என்பதற்காக, சாலையில் எங்களைவிடவும் பாதுகாப்பற்ற ஒருவரை நிற்க வைத்துவிட்டோம்.

இப்போது இருபது பேர் கொண்ட தொகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சிக்னலிலும் நின்று செல்கிறோம். சவாரி முடிய அரை மணி நேரம் கூடுதலாகிறது; முன்வரிசையில் ஓட்டும் சிலருக்கு இந்த மாற்றத்தில் இன்னும் உடன்பாடில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக ஸ்வீப் தேவைப்படுவதால், முதலில் எழுதிய நண்பர் அடுத்த மாதத்துக்குள் பத்துப் பேரையாவது பழக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.