'டாட்ஸ் ஆர்மி': கிழவர் படைக்கு இன்னும் ஏன் இத்தனை மவுசு?

திண்ணைவாசி:
'டாட்ஸ் ஆர்மி'க்கு இணையான நகைச்சுவைத் தொடர் இன்றுவரை வரவில்லை என்று தேம்ஸ்கரை அக்கா போன வாரம் இங்கே எழுதியிருந்தார். அப்படி என்னதான் இருக்கிறது என்று பன்னிரண்டு பகுதிகளைப் பார்த்து முடித்தேன். தெரியாதவர்களுக்காக: 1968 முதல் 1977 வரை பி.பி.சி.யில் 80 பகுதிகளாக வந்த தொடர் இது. 1940இல் ஜெர்மன் படை எந்த இரவிலும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிக் கரையேறலாம் என்றிருந்த நேரம். ராணுவத்துக்கு ஆகாத கிழவர்களையும் மீசை முளைக்காத பிள்ளைகளையும் திரட்டி அமைத்த ஊர்க்காவல் படையின் கதை. ஊர், வால்மிங்டன் என்ற கற்பனைக் கடலோரச் சிற்றூர். படைத்தலைவர், உள்ளூர் வங்கி மேலாளர் மேனரிங்.

சிரித்தேன், மறுக்கவில்லை. ஆனால் தலையில் தூக்கிவைத்து ஆட இதில் என்ன இருக்கிறது? கறிக்கடைக்காரர் ஜோன்ஸ் "பதறாதீர்கள்" என்று கத்திக்கொண்டே பதறி ஓடுகிறார். பிணப்பெட்டி செய்யும் ஃப்ரேசர் "நம் கதை முடிந்தது" என்று கண்ணை உருட்டுகிறார். அடுத்த வாரமும் அதேதான். போர் மட்டும் வரவே இல்லை. இங்கிலாந்து தனக்குத் தானே பாடிக்கொண்ட தாலாட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. தொடக்கப் பாடலையே பாருங்கள். போர்க்காலத்துப் பழைய பாட்டு என்று நினைத்தேன். இல்லையாம். தொடருக்காக ஜிம்மி பெர்ரி புதிதாக எழுதி, அந்தக் கால மேடைப் பாடகர் பட் ஃபிளானகனை அழைத்துப் பாடவைத்தது. பழைய நினைவையே புதிதாக வார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மொறுமொறு:
ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் 'மெயின்வாரிங்' என்று எழுதிவிட்டு 'மேனரிங்' என்று படிக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தேன். அடுத்த வரியிலேயே 'பைக்' என்று ஒரு பையன் வந்தான். யாரோ இருசக்கர வண்டியை ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

தேம்ஸ்கரை:
திண்ணைவாசித் தம்பி, எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. நான் 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தவள். பின்வளவில் பதுங்கு குழி வெட்டிய கையோடு வந்தேன் என்றே சொல்லலாம். வாடகைக்கு இருந்த வீட்டில் கீழ் அறைக் கிழவர் இந்தத் தொடரை மறுஒளிபரப்பில் பார்த்துச் சிரிப்பார். விமானத் தாக்குதலில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று வெறுப்பாக இருந்தது. அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. ஆனால் மேனரிங்கின் முகம் மொழி தெரியாமலே புரிந்தது. கழுத்தை நீட்டி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, தொப்பியைத் தட்டி, தான் சொன்னது சரி என்று ஊரே ஒப்புக்கொள்ளும்வரை விடாத ஓர் ஆள். அந்த ஆளை எனக்கு ஊரிலேயே தெரியும். எங்கள் சங்கக்கடை மேலாளர் அச்சு அசல் அவர்தான்.

தாலாட்டு என்கிறீர்கள். 'டெட்லி அட்டாச்மென்ட்' என்ற 1973ஆம் ஆண்டுப் பகுதியைப் பார்த்தீர்களா? நீர்மூழ்கிக் கப்பலின் ஜெர்மன் மாலுமிகளை ஓர் இரவு காவல் காக்க வேண்டும். எங்களை அவமதிக்கிறவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதுகிறேன், போரில் வென்றதும் கணக்குத் தீர்ப்போம் என்கிறான் அவர்களின் தலைவன். ஹிட்லரைக் கேலிசெய்து பாடிய பையனைப் பார்த்து "உன் பெயர் என்ன?" என்று கேட்கிறான். மேனரிங் பாய்ந்து வந்து, "சொல்லாதே, பைக்!" என்கிறார்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த ஒரு வரியை. எனக்குப் பிடித்தது வேறு. கையெறி குண்டுகளுக்கு வெடிமுனை பொருத்திவையுங்கள் என்று மேனரிங் கட்டளையிடுகிறார். ஆபத்தாயிற்றே என்று சார்ஜென்ட் வில்சன் முணுமுணுக்கிறார். பிறகு கைதிகள் கை ஓங்கி, அதில் ஒரு குண்டு ஜோன்ஸின் கால்சட்டைக்குள் போகிறது, கயிறு கட்டி. கடைசியில் கயிறு இழுபடுகிறது. வெடிக்கவில்லை. வில்சன் போலி வெடிமுனையைத்தான் பொருத்தியிருந்தார். எதிர்த்து ஒரு சொல் உரக்கப் பேசாமல், மேலதிகாரியின் உத்தரவை மென்மையாக மீறி ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டார். தாலாட்டில் இப்படியெல்லாம் வராது.

மொறுமொறு:
அந்தப் பகுதியில்தானே கைதிகளுக்கு மீனும் சிப்ஸும் வாங்கிவர ஆர்டர் எடுப்பார்கள்? எனக்கு நொதநொதவென்று வேண்டாம், மொறுமொறுவென்று இளம்பழுப்பில் வேண்டும் என்பான் அந்தத் தலைவன். என் புனைபெயர் வந்த கதை அதுதான்.

எழுதுகோல்:
அக்கா சொல்லும் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. என் கேள்வி வேறு. இதை எழுதிய ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் இருவருமே போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்தவர்கள். பிறகு 1974இல் 'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' என்று இன்னொரு தொடரைத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலி முகாமில் நாடகம் போடும் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கதை. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளராக, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மைக்கேல் பேட்ஸ் என்ற வெள்ளைக்காரர் நடித்தார். ஜான்சியில் பிறந்தவர், உருது பேசுவார் என்று வக்காலத்து வாங்குவார்கள். இருக்கட்டும். இன்று அந்தத் தொடரை பி.பி.சி. எடுத்து ஒளிபரப்புவதில்லை, 'டாட்ஸ் ஆர்மி' மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே இருவர், அதே போர். ஒன்று மட்டும் எப்படித் தப்பித்தது? வால்மிங்டனில் நாம் இல்லை, அதனால்தான். இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள், 1943இல் வங்கத்தில் பட்டினியால் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஒரு தீவு தன்னந்தனியாக நின்று போரிட்டது என்ற கதைக்கு அதெல்லாம் இடைஞ்சல்.

திண்ணைவாசி:
நான் சொல்ல வந்ததை எழுதுகோல் கூர்மையாகச் சொல்லிவிட்டார்.

தேம்ஸ்கரை:
எழுதுகோல், உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒன்று அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தது, மற்றொன்று தன்னைத்தானே பார்த்துச் சிரித்தது. பெர்ரி பதின்ம வயதில் வாட்ஃபர்டில் ஊர்க்காவல் படையில் இருந்தவர். இரவுக் காவலுக்குப் போனால் சளி பிடிக்கும் என்று அவருடைய அம்மா கவலைப்படுவாராம். சீருடைமேல் அம்மா போட்டுவிட்ட கழுத்துத்துணியோடு நிற்கும் பைக், பெர்ரியேதான். தன் அசட்டுத்தனத்தை அவருக்கு உள்ளும் புறமும் தெரியும். இந்தியரைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியாது. வங்கத்தை இதில் தேடினால் கிடைக்காது என்பது உண்மை. அதற்காக நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் 'தேசத்தின் தாலாட்டு' என்று திட்டமிட்டுச் செய்தார்கள் என்பதை ஏற்கமாட்டேன். ஊர்க்காவல் படையைக் கேலிசெய்தால் மக்கள் சீறுவார்களோ என்று தொடக்கத்தில் பி.பி.சி.க்கே நடுக்கம். தேசத்தின் சொத்தாக நினைத்திருந்தால் ஒளிப்பதிவு நாடாக்களை அழித்திருப்பார்களா? இரண்டாம் தொகுதியில் மூன்று பகுதிகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

எழுதுகோல்:
நாடாவை அழித்தது கஞ்சத்தனம். அதைக் கொள்கையாக்காதீர்கள்.

தேம்ஸ்கரை:
சரி, அது கஞ்சத்தனமாகவே இருக்கட்டும். வர்க்கத்துக்கு வாருங்கள். அதுதான் இதன் முதுகெலும்பு. மேலாளர் மேனரிங் படித்து முன்னேறிய நடுத்தரக் குடும்பத்துக்காரர். அவருக்குக் கீழே எழுத்தராக இருக்கும் வில்சன், உயர்குடிப் பள்ளியில் படித்து நுனிநாக்கில் பேசும் ஆள். மேலே இருக்கிறவருக்குக் கீழே இருக்கிறவரைப் பார்த்துப் பொறாமை. 'ஏ. வில்சன், மேனேஜர்?' என்று 1970இல் ஒரு பகுதி. வில்சனுக்குப் பதவி உயர்வு, பக்கத்து ஊர்க் கிளையில் தனி அறை. மேனரிங் வயிறெரிகிறார். வில்சன் போய்ப் பதவியேற்ற காலையிலேயே குண்டு விழுந்து அந்தக் கிளை தரைமட்டம். பழைய எழுத்தர் மேசைக்கே திரும்புகிறார். போர் வரவே இல்லை என்கிறீர்களே, தம்பி, வந்தது. ஓர் ஆளின் வாழ்நாள் ஆசையை ஒரு காலையில் சாம்பலாக்கிவிட்டுப் போனது.

மேனரிங் வெறும் கோமாளியும் இல்லை. ஜெர்மானியர் வந்துவிட்டதாகத் தவறாக மாதாகோயில் மணி அடிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் மணி அடித்தால் படையெடுப்பு என்று பொருள். 1940 செப்டம்பர் 7 அன்று உண்மையிலேயே சில ஊர்களில் அப்படித் தவறாக அடித்தார்கள். தொடரில் மேனரிங் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஒரு கிழவரின் வீட்டில் போய் நிலைகொள்கிறார். இது நம் முடிவாக இருக்கலாம், ஆனால் தயாராகத்தானே இருக்கிறோம் என்று கேட்கிறார், சந்தை விலை கேட்பதுபோல. அவருடைய வீம்பும் வீரமும் ஒரே கிணற்றுத் தண்ணீர். அதனால்தான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கிறது.

திண்ணைவாசி:
அக்காவுக்காக இன்னொரு பகுதி பார்த்தேன். 'பிராண்டட்', 1969. அடிக்கடி ஒதுங்கப் போக அனுமதி கேட்கும் சாதுவான கோட்ஃப்ரே, முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்று தெரிந்ததும் மொத்தப் படையும் அவரை ஒதுக்குகிறது. பயிற்சியின்போது புகை சூழ்ந்த குடிலுக்குள் சிக்கிய மேனரிங்கை இழுத்து வந்தவரும் அவர்தான். படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறார்கள். கட்டிலுக்கு மேலே ஒரு புகைப்படம், நெஞ்சில் பதக்கத்தோடு. பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் மருத்துவப் பணியில் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்ததற்குக் கொடுத்தது என்று அவருடைய சகோதரி சொல்கிறார். ஏன் அணிவதில்லை என்று கேட்டால், பகட்டாகத் தெரியுமே என்கிறார் மனிதர்.

நடித்த ஆர்னல்ட் ரிட்லியைப் பற்றித் தேடிப் படித்தேன். 1916இல் அதே சோமில் துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடிபட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துப்பட்டு, இடது கை பாழானவர். தொடர் தொடங்கியபோது வயது 72. மெதுவாக நடப்பதை நடிப்பு என்று நினைத்திருந்தேன்.

என் கருத்து மாறவில்லை. எழுதுகோல் கேட்டதற்கு இந்தத் தொடரில் பதில் இல்லை. அந்தப் புகைப்படக் காட்சியை மட்டும் மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன்.

மொறுமொறு:
நான்காவது முறை பார்க்கும்போது சொல்லுங்கள், நானும் சிப்ஸோடு வருகிறேன்.