எடை குறைந்த கேசட், கிராங்க் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

நண்பர்களே, ஒரு குழப்பம். என் ரோடு பைக்கில் இருப்பது ஷிமானோ 105 கியர் செட், 11 ஸ்பீடு. நேற்று செயின் தேய்மானத்தை அளந்தேன், அளவுகோலின் 0.75 முனை (செயின் 0.75 சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம்) தடையே இல்லாமல் கண்ணிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கேசட்டில், அதாவது பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கில், அதிகம் ஓட்டும் இரண்டு பற்சக்கரங்களின் பற்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகிவிட்டன. புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். ஆக, இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஷிமானோவின் உச்ச ரகமான டுரா-ஏஸுக்கே போய்விடலாமா என்று ஆசை. கிராங்கையும் (பெடல் மாட்டும் கைகளும் முன் பற்சக்கரங்களும்) சேர்த்தால் 300 கிராம் குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. அதில் 300 கிராம் என்பது 0.35 சதவீதம். ஒரு மணி நேர மலை ஏற்றத்தில் மிஞ்சிப்போனால் 12, 13 விநாடி மிச்சம். சமதளத்தில் அதுவும் கிடையாது. பாட்டில் தண்ணீரில் பாதியைக் கொட்டினாலே அந்த எடை போய்விடுமே! (என் தொப்பையைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.)

போதாததற்கு, டுரா-ஏஸ் கேசட்டின் பெரிய பற்சக்கரங்கள் டைட்டானியம். எஃகைவிடச் சீக்கிரம் தேயும்.

105 கேசட்டையே திரும்பப் போட்டு, செயினுக்கு மெழுகு போட்டு ஓட்டலாம் என்று பாதி மனசு சொல்கிறது. மாற்றியவர்கள் சொல்லுங்கள்: எடையை விடுங்கள், கியர் மாறுவதிலாவது வித்தியாசம் தெரிந்ததா? அந்தப் பணத்தை டயரில் போட்டிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியதா?