தொட்டியைச் சுழற்றுவதா, பழக்குவதா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பெரிய நன்னீர்ச் செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகள் வளரும் மீன்தொட்டி, அமைப்பது பற்றிய கையேட்டுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், புதிய தொட்டியை மீன் வாழத் தக்கதாக ஆக்கும் தொடக்க வேலையான ‘சைக்கிளிங்’ என்பதற்கு நேராகச் ‘சுழற்சிப்படுத்தல்’ என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்ட நிலையில் இருக்கிறது. அதை முடிவு செய்யும் முன் என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் உள்ள மற்ற சொற்கள் சற்றுப் பிசகினாலும் படிப்பவருக்குப் பெரிய இழப்பில்லை. இந்த ஒரு சொல் பிசகினால் மீன் சாகும்.

எனக்கே அது நேர்ந்திருக்கிறது. என் முதல் தொட்டி இரண்டடி நீளமுள்ளது. அதை வாங்கிய கடையில், மீனை எப்போது விடலாம் என்று கேட்டதற்கு, “தண்ணி ஒரு நாள் நல்லா சுத்தி வரட்டும் சார், அதுதான் சைக்கிளிங். நாளைக்கு மீனை விட்டுடலாம்” என்று சொன்னார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. சொல்லைக் கேட்டவர் அதற்கு இயல்பாகத் தோன்றிய பொருளைக் கொண்டார், அவ்வளவுதான். பம்பு ஓடுகிறது, நீர் சுழல்கிறது, ஆகவே சுழற்சி முடிந்தது. மறுநாள் பன்னிரண்டு மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் அவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன, செவுள்கள் சிவந்திருந்தன. எட்டாம் நாள் இரண்டே மீன்கள் மிஞ்சின. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் பிஎச் மதிப்பு (அமில, காரத் தன்மையின் அளவு) 8. அந்த நிலையில், அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச் 7 உள்ள நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு இருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

உண்மையில் அங்கே நடக்க வேண்டியிருந்தது வேறு. மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், அந்த நைட்ரைட்டை நச்சு மிகக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கல்லின் மேலும் கண்ணாடியிலும் ஒரு படலமாகப் படிந்து பெருக வேண்டும். அவை மெதுவாகப் பெருகுபவை. ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவது வழக்கம். நீர் எத்தனை முறை பம்பின் வழியே சுற்றி வந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

‘சுழற்சி’ என்பது நைட்ரஜன் சுழற்சியின் சுருக்கம்தானே, இலங்கைப் பாடநூல்களில் நைதரசன் வட்டம் என்றும் இருக்கிறதே, மாணவர்களுக்குப் பழகிய சொல்லை ஏன் விடவேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் இயற்கையில் நைட்ரஜன் காற்றிலிருந்து மண்ணுக்கும் உயிர்களுக்கும் வந்து மீண்டும் காற்றுக்குத் திரும்புவதால் அதை வட்டம் என்கிறோம். வீட்டுத் தொட்டியில் அந்த வட்டம் பெரும்பாலும் மூடுவதில்லை. உணவாக உள்ளே போட்ட நைட்ரஜன், அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என்று ஒருவழிப் பாதையில் போய்த் தேங்குகிறது. அதை நாம் வாளியால் நீர் மாற்றியும், வளர்ந்த செடியைக் கத்தரித்தும் வெளியேற்றுகிறோம். செடிகள் அடர்ந்த தொட்டியிலோ அந்தப் பாதைகூட முழுமையாக நடப்பதில்லை. பெரும்பாலான நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே (நீரில் அம்மோனியாவின் நச்சுக் குறைந்த வடிவம்) முதலில் உறிஞ்சிக்கொள்வதால், பாக்டீரியாவுக்குப் போகுமுன்பே பெரும்பங்கு இலையாகிவிடுகிறது. ஆகவே நம் கையேட்டின் பொருளான செடித்தொட்டிக்குத்தான் ‘சுழற்சி’ என்ற சொல் மிகக் குறைவாகப் பொருந்துகிறது.

அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறும் இரண்டு படிகளைக் குறிக்கும் ‘இருபடி நைட்ரேட்டாக்கப் பருவம்’ என்ற மாற்று முன்மொழிவு துல்லியமாகத் தோன்றினாலும், அதன் துல்லியமே எனக்கு அச்சம் தருகிறது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் பாக்டீரியா என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். நன்னீர் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் என்று 1998-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பிறகு 2015-இல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டு வரை முழு வேலையையும் ஒரே உயிரி செய்யக்கூடும் என்பதும், அதுவும் ஒருவகை நைட்ரோஸ்பைராதான் என்பதும் தெரியவந்தது. ‘இருபடி’ என்று பெயரிலேயே எழுதிவைத்திருந்தால் அந்த ஆண்டே நம் சொல் பழுதாகியிருக்கும். வளர்ப்பவர் கண்ணால் காணும் விளைவைக் குறிக்கும் சொல் நமக்கு வேண்டும். உள்ளே நடக்கும் வேதியியல் விளக்கத்துக்குத் தனிப் பத்தி இருக்கிறது.

என் முன்மொழிவு ‘பழக்குதல்’.

புதிய இரும்புத் தோசைக்கல்லை வாங்கியவுடன் யாரும் தோசை வார்ப்பதில்லை. கல்லைக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடேற்றி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்து, இப்படிச் சில நாள் செய்த பிறகே அது தோசையை விடும். மண்சட்டியையும் அப்படித்தான் கஞ்சித் தண்ணீர் ஊற்றிவைத்துப் பழக்குகிறோம். ‘கல் பழகிவிட்டதா?’ என்று கேட்டால் நம் வீடுகளில் எவருக்கும் பொருள் விளங்கும். நாள் கணக்கில் ஆகும், அவசரப்படக்கூடாது, பாத்திரத்தின் மேற்பரப்பில் ஏதோ படிந்து அதன் இயல்பு மாறுகிறது என்ற மூன்று செய்திகளும் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கின்றன. மூன்றும் தொட்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன.

தோசைக்கல்லில் படிவது எண்ணெய், தொட்டியில் படிவது உயிர், இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்கப்படும் என்பதை எதிர்பார்க்கிறேன். வேதியியலில் இரண்டும் வேறுதான். ஆனால் பராமரிப்பில் இரண்டும் ஒன்று. பழகிய கல்லைச் சோப்புத்தூள் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தால் மறுநாள் தோசை ஒட்டும். பழகிய வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் வெள்ளையாகும்வரை கழுவினால் அடுத்த வாரம் மீன் திணறும். புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறுகளில் இது ஒன்று. பஞ்சு அழுக்காக இருப்பதைக் காணப் பொறுக்காமல் செய்கிறார்கள். ‘பழகிய பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாக அலசினால் போதும் என்று சொல்லும்போது அவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது.

சொல்லின் குடும்பத்தையும் பாருங்கள். பழகு, பழக்கு என்று தன்வினையும் பிறவினையும் ஆயத்தமாக உள்ளன. நான் தொட்டியைப் பழக்குகிறேன், தொட்டி பழகுகிறது. பழகிய தொட்டி, பழகாத தொட்டி, மீனின்றிப் பழக்குதல், மீனோடு பழக்குதல் என்று எதற்கும் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ‘சுழற்சிப்படுத்தப்பட்ட தொட்டி’ என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதனோடு ‘உறை’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புதிய வடிகட்டிக்குள் வைத்தால் பழகும் காலம் வெகுவாகக் குறையும். இதற்கு ‘விதைப்பு ஊடகம்’ என்று பட்டியலில் இருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றும் மொழியில் அந்தக் கூட்டுச்சொல் எதற்கு? ‘உறைப்பஞ்சு’ என்றால் போதும். உயிருள்ள சிறிதளவை இட்டு, அதைப்போலவே முழுவதையும் ஆக்குவது என்ற பொருளை, இங்கே எந்த உவமையும் இல்லாமல், நேராகவே அது தருகிறது.

‘பக்குவப்படுத்தல்’ என்ற முன்மொழிவை நான் எளிதாகத் தள்ளவில்லை; இரண்டு நாள் அதனோடு இருந்து பார்த்தேன். ஆனால் குழாய்நீரில் உள்ள குளோரினை நீக்கும் மருந்துக்கு நாம் ஏற்கெனவே ‘நீர்ப் பக்குவி’ என்று ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது நிமிடங்களில் முடியும் வேலை. ஆறு வார வேலைக்கும் அதே வேர்ச்சொல்லை வைத்தால், பக்குவியை ஊற்றியதும் தொட்டி பக்குவமாயிற்று என்று நினைப்பார்கள். என் முதல் தொட்டியின் கதைதான் மீண்டும் நடக்கும்.

‘பழக்குதல்’ மீதும் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த மீனை, பையோடு மிதக்கவிட்டுச் சிறிது சிறிதாகத் தொட்டிநீரைச் சேர்ப்பதையும் ‘மீனைப் பழக்குதல்’ என்றுதான் சொல்கிறோம். தொட்டியைப் பழக்குவதும் மீனைப் பழக்குவதும் செயப்படுபொருளால் வேறுபட்டுவிடும் என்றாலும், கையேட்டில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக மீனுக்கு ‘இணக்குதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் முடியும் வேலைக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

அன்றாடச் சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் அறிவியல் மதிப்புக் குறையும் என்ற கவலைக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். ‘அக்குவேரியம்’ என்ற சொல்லே இப்படி வந்ததுதான். இங்கிலாந்தில் 1850-களில் கண்ணாடித் தொட்டிகள் பரவியபோது ‘அக்குவா விவேரியம்’ என்ற கூட்டுச்சொல் வழங்கியது. அது வாயில் நுழையாமல் இடறுகிறது என்று கருதிய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், 1854-இல் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை நிலைநிறுத்தினார். இலத்தீனில் அதற்கு மாடுகள் நீர் குடிக்கும் இடம் என்று பொருள். நம் ஊர்களில் மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியும் மீன்தொட்டியும் ஒரே சொல்லில் நிற்பதைக் குறை என்று எண்ணியவர்கள் இதைக் கருத வேண்டுகிறேன்.

‘செடித்தொட்டி’ என்பது பூந்தொட்டியோடு குழம்பும் என்ற எச்சரிக்கையை ஏற்கிறேன். தலைப்பில் ‘நீர்த்தோட்டம்’ என்று மாற்றிவிடலாம். ‘பாசி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அகற்ற விரும்பும் பச்சைப் படிவையும், கட்டையில் கட்டி ஆசையாக வளர்க்கும் ஜாவா மாஸ் என்னும் சிறு நீர்ச்செடியையும் அதே சொல்லால் குறித்தால், பாசியை நீக்குக என்று படித்துவிட்டு ஒருவர் மாஸைப் பிடுங்கிவிடுவார். முன்னதைப் பாசி என்றும், பின்னதைப் ‘பாசிச்செடி’ என்றும் பிரித்தாக வேண்டும். இலையின் கீழ் ஆக்சிஜன் குமிழிகள் கோத்து நிற்பதற்கு ‘முத்தரும்புதல்’ என்று ஒருவர் தந்திருப்பது மிக அழகு. நெற்றியில் வியர்வை முத்தரும்புவதைச் சொல்லிவந்த நாவுக்கு அது தானாகவே வரும். நீர் ஆக்சிஜனால் நிறைந்து, மேலும் கரைய இடமில்லாதபோதுதான் குமிழி தோன்றுகிறது என்ற குறிப்பை மட்டும் சேர்த்துவிடுங்கள்.

மீண்டும் பழக்குதலுக்கு வருகிறேன். 2016 பிப்ரவரியில் நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட தொட்டியை அமைத்தேன். ஏறத்தாழ 250 லிட்டர் கொள்ளளவு; மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்கு மேல் என்பதால் சுவரோரம் இரும்புச் சட்டத்தின்மேல் தெர்மோகோல் விரித்து வைத்தேன். சலித்த மண்ணின்மேல் சரளை பரப்பி, வாலிஸ்நேரியாவும், குளம் வற்றினாலும் கிழங்காய்க் கிடக்கும் கொட்டியும், இலங்கைக்கே உரிய வெண்டி வகைக் கிரிப்டோகொரைனும் நட்டேன். அடிமண்ணிலிருந்தே அம்மோனியா கசிந்தது. தினமும் காலையில் சோதனைக்குழாயில் நீரெடுத்துத் துளிமருந்து விட்டு, சன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தேன். அம்மோனியாக் குழாய் பச்சையிலிருந்து, அம்மோனியா இல்லை என்று காட்டும் மஞ்சளுக்கு இறங்க 19 நாளாயிற்று. நைட்ரைட்டுக் குழாய் கத்தரிப்பூ நிறத்திலேயே நின்று, 34-ஆம் நாள்தான் தெளிந்த நீலமானது. “பழகிடுச்சா?” என்று என் தாயார் தினமும் கேட்பார். அவருக்கு நான் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. தோசைக்கல் போலத்தான் என்று முதல் நாளில் சொன்னது போதுமாக இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பால் மீன்கள் பிழைத்தன. ஆனால் மூடிய வடிகட்டிக்குள் நீர் ஓடாமல், ஆக்சிஜன் தீர்ந்து, திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அப்படியே இயக்கியிருந்தால் அந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டுப் பஞ்சை அலசி, கொளத்தூரில் மீன் வளர்க்கும் நண்பரிடம் உறைப்பஞ்சு வாங்கி வைத்தேன். தொட்டி இப்படி நிலைகுலைவதற்குப் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. ‘பழக்கம் விடுதல்’ என்று சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். நெடுநாள் எடுக்காத கல்லையும் பழக்கம் விட்டுப்போயிற்று என்றுதானே சொல்கிறோம்.

விளக்கத்தை இப்படி எழுதலாம்: ‘பழக்குதல்: புதிய நீர்த்தோட்டத்தில் மீன்களை விடுமுன், அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியாப் படலம் வடிகட்டியிலும் பிற பரப்புகளிலும் நிலைபெறச் செய்தல். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியமாகக் காட்டினால் தொட்டி பழகிவிட்டது எனக் கொள்க.’

‘எனக் கொள்க’ சற்று விறைப்பாக இருப்பதாகத் தோன்றினால் திருத்திக்கொள்ளலாம். ‘24 மணி நேரத்துக்குள்’ என்பதை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்.