தோட்டக் கழிவை மட்கவைக்கும் தொட்டியில் எலி வளைகள்: என்ன செய்வது?

கேள்வி (சருகு)

உதிர்ந்த இலைகள், வெட்டிய புல், கவாத்து செய்த சிறு கிளைகள் ஆகியவற்றை, மதிற்சுவரை ஒட்டி வைத்துள்ள மரச்சட்டத் தொட்டியில் இட்டு மட்கவைத்து வருகிறேன். சமைத்த உணவோ இறைச்சியோ சேர்ப்பதில்லை. காய்கறித் தோலை மட்டும் அவ்வப்போது மேலாகப் போடுவதுண்டு. ஆயினும் தொட்டியின் அடியில் எலி வளைகள் தென்படுகின்றன. தின்பதற்கு அதிகம் இல்லாத இடத்தை அவை ஏன் நாடுகின்றன? மட்கவைப்பதையே கைவிட வேண்டுமா?

மறுமொழி (மண்வெட்டி)

கைவிட வேண்டியதில்லை. எலி இரையை மட்டும் தேடி வருவதில்லை; காய்ந்த, யாரும் கலைக்காத, மேலே மறைப்புள்ள இடம் கிடைத்தால், இரையை வெளியில் தேடிக்கொண்டு அங்கே குட்டி போடும். சருகும் குச்சியும் மிகுந்து ஈரம் வற்றிய குவியல் அதற்கு வாய்ப்பான கூடு. ஆகவே முதல் மருந்து தண்ணீர்தான். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியும் அளவுக்கு ஈரம் இருக்க வேண்டும். அடுத்தது, வாரம் ஒருமுறை அடிவரை கிளறுவது. கொள்ளளவில் ஒரு பங்கு பசுந்தழைக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு சருகு என்று கலந்தால், கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற விகிதத்தை நெருங்கி, மட்குதல் விரைவுபடும்.

குவியலின் சூடே எலியை விரட்டிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒரு கன மீட்டர் அளவுள்ள குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறலாம். ஆனால் ஓரங்கள் இதமாகவே இருக்கும், எலிக்கு அதுவே போதும்.

மறுமொழி (கம்பிக்காரர்)

மேற்கண்டவற்றுடன் தொட்டியின் அடியையும் அடைக்க வேண்டும். கோழிக்கூண்டுக்குப் பயன்படுத்தும் அறுகோண வலை உதவாது. அதன் கம்பி மெல்லியது, கண்கள் அகலமானவை. துத்தநாகம் பூசிய, கண்கள் 6 மில்லிமீட்டருக்கு மிகாத, பற்றவைத்த கம்பி வலையை அடியில் விரித்து, ஓரங்களைப் பக்கச் சட்டங்களின் மேல் மடித்து ஆணியடியுங்கள். நீர் வடிவதற்கும் மண்புழு ஏறுவதற்கும் அது தடையாகாது. சிமென்ட் தளம் இரண்டையும் தடுத்துவிடும். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும்.

தொட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். எலிகள் சுவரோரமாகவே ஓடும் பழக்கம் உள்ளவை. சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தால் அணுகத் தயங்கும்.

சருகு

நன்றி. இப்போதே இருக்கும் வளைகளை நஞ்சு வைத்து ஒழிக்கலாமா? காய்கறித் தோலையும் நிறுத்திவிட வேண்டுமா?

மறுமொழி (மண்வெட்டி)

நஞ்சு வேண்டாம். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அது கேடு. எலி உள்ளேயே செத்துக் கிடந்தால் குவியலைக் கையாளுவதும் தொல்லை. ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகக் கலைத்துக்கொண்டே போனால், எலிகள் மறுபக்கமாகத் தப்பி ஓடிவிடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வளைகளை மண்ணிட்டு இடித்து மூடி, வலை விரித்த பிறகு மீண்டும் நிரப்புங்கள். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், கையுறை அணிந்துகொண்டு, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவுவது கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள்.

தோலை மேலாகப் போடுவதைத்தான் நிறுத்த வேண்டும். எலிகள் முற்றிலும் அகன்றபின், அதை நடுவில் குழி பறித்துப் புதைத்து, மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சருகை மூடி நனைத்துவிடுங்கள். உதிர்ந்த பழங்களையும் விதை முற்றிய கதிர்களையும் பொறுத்தவரை, அவற்றை இந்தத் தொட்டியில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பறவைகளுக்கு இறைக்கும் தானியமும் தொட்டிக்கு அருகில் சிந்தக் கூடாது.