பங்காளிகள் குரூப்: தனத்துக்கு நீர்க்கடுப்பு

செவ்வாய்க்கிழமை

கவிதா (காலை 6:14): பெரிய மாமா, அத்தைக்கு முந்தாநாள்லருந்து நீர்க்கடுப்பு. அரை மணிக்கொரு தடவ போறாங்க, சொட்டுச் சொட்டா எரிச்சலோட வருது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தே தீருவேன்றாங்க. நெருஞ்சில் கசாயம் எப்படிப் போடணும்?

தனம்: ஏன்டி இதப் போயி குரூப்புல போடுவியா. அழிச்சு விடு

கலா: இதுல என்னக்கா இருக்கு. பொம்பளைக எல்லாருக்கும் வர்றதுதான்

முருகேசன்: காலை வணக்கம் 🙏 கோயில் வரி இன்னும் 3 வீடு பாக்கி. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. கமுதி கோயிலுக்குப் போக 2 வேன்

ராஜேஷ்: *பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது* சிறுநீர்த் தொற்றா? டாக்டரே வேண்டாம்! தண்ணீரில் 1 ஸ்பூன் சமையல் சோடா கலந்து குடியுங்கள், ஒரே நாளில் குணம்! அனைவருக்கும் பகிரவும்

கணேசன்: கவிதா, பொறுமையாப் படி. கடையில சிறுநெருஞ்சில் முள்ளா வாங்கு, பொடியா வாங்காத. பொடியில என்ன கலந்திருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. முள்ளுன்னா காய் அஞ்சு துண்டாப் பிரியும், ஒவ்வொரு துண்டுலயும் முள் நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்தே வாங்கலாம். பூஞ்சை வாடை அடிச்சாத் திருப்பிக் கொடுத்துரு. 10 கிராம் முள்ளு, 10 கிராம் தனியா, ரெண்டையும் ஒண்ணு ரெண்டா இடிச்சுக்க. மைய அரைச்சா வடியாது. எவர்சில்வர் சட்டியில 400 மில்லி தண்ணி ஊத்தி, சிறு தீயில 100 மில்லியா வத்த விடு. தீயைக் கூட்டுனா தண்ணிதான் ஆவியாப் போகும், சத்து இறங்காது.

கணேசன்: வடிகட்டுறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறது. டீ வடிகட்டி ஆகாது, முள்ளுத் தூசி தொண்டையில உறுத்தும். வெள்ளைத் துணிய நாலா மடிச்சு வடிகட்டணும். காலையில 50 மில்லி, சாயங்காலம் 50 மில்லி, சாப்பிட்ட பிறகு. மறுநாளைக்கு மிச்சம் வைக்காத. தனத்துக்குச் சுகர் இருக்கு, பனங்கற்கண்டு கூடாது. அதிமதுரம் சேத்தா நல்லதுன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிரு. அது பிரஷரை ஏத்தும், உடம்புல பொட்டாசியத்தக் குறைக்கும்.

முருகேசன்: அண்ணே அண்டா யார்கிட்ட இருக்கு

மீனா: அப்பா, ஒரு நிமிஷம். கவிதா, சித்திக்குக் காய்ச்சல் இருக்கா? குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால வலி, வாந்தி, நீர்ல ரத்தம்?

கவிதா: காய்ச்சல் இல்ல மதினி. வலி அடிவயித்துலதான். நீர் கலங்கலாப் போகுது, நாத்தம்

மீனா: அப்ப இது வெயில் கடுப்பு இல்ல, தொற்றாத்தான் இருக்கும். வெயில்ல அலைஞ்சு வர்ற கடுப்பு தண்ணி குடிச்சா அரை நாள்ல தணிஞ்சிரும். இது மூணாவது நாள். பெரும்பாலும் குடல்ல இருக்கிற ஈ.கோலை கிருமி மூத்திரப் பைக்கு ஏறி வர்றது. பொம்பளைகளுக்கு மூத்திரக் குழாய் 4 சென்டிமீட்டர்தான், அதான் நமக்கு அடிக்கடி வருது. கசாயம் நீரை இளக்கி எரிச்சலக் குறைக்கும். கிருமியக் கொல்லாது. சுகர் உள்ளவங்களுக்கு இது கிட்னி வரைக்கும் ஏற விடக்கூடாது. இன்னைக்கே யூரின் கல்ச்சர் கொடுக்கணும், மூத்திரத்துல இருக்கிற கிருமிய லேப்ல வளத்துப் பாக்குற டெஸ்ட்.

தனம்: ஒண்ணும் வேணாம் மீனா. ரெண்டு நாள் கசாயம் குடிச்சுப் பாக்குறேன்

கலா: அக்கா எங்க வீட்ல போன தடவ டாக்டர் கொடுத்த மாத்திரை 4 மிச்சம் இருக்கு. ராஜேஷ்கிட்ட கொடுத்து விடவா?

மீனா: வேண்டாம் சித்தி, கண்டிப்பா வேண்டாம். 4 மாத்திரை அரைகுறை டோஸ். கிருமி சாகாது, ஆனா கல்ச்சர்ல வளராமப் போயிரும். எந்த மருந்துக்குக் கேக்கும்னு கண்டுபிடிக்க முடியாது. சாம்பிள் முதல்ல, மாத்திரை அப்புறம்.

மீனா: ராஜேஷ், அந்தச் சோடா மெசேஜ எடுத்துரு. 1 டீஸ்பூன்ல 1,200 மில்லிகிராமுக்கு மேல சோடியம். பிரஷர் உள்ளவங்க குடிச்சா என்ன ஆகும்?

ராஜேஷ்: சாரிக்கா

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கணேசன்: மீனா சொல்றது சரி. கசாயத்தச் சாம்பிள் கொடுத்த பிறகு குடிக்கலாம். தனம், சுகர் மாத்திரையோட நெருஞ்சில் சேந்தா சர்க்கரை இன்னும் இறங்கலாம், மெஷின்ல பாத்துக்க.

கலா: அண்டா எங்க வீட்லதான் இருக்கு. போன பொங்கலுக்கு அடியில பொத்தல் போட்டது யாருன்னு கேளுங்க

முருகேசன்: அத இப்ப பேச வேணாம்

சரவணன்: எங்கம்மா மேலயா சொல்றீங்க சித்தி

கலா: நான் யாரையும் சொல்லல

கவிதா: மதினி, சாம்பிள் எப்படி எடுக்கணும்? போன தடவ கலப்படம்னு திருப்பி எடுக்கச் சொன்னாங்க

மீனா: லேப்லயே மூடி போட்ட டப்பா தருவாங்க. பெருங்காய டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவும் கூடாது, எவ்வளவு கழுவினாலும். காலையில முதல்ல போறதா இருந்தா நல்லது. வெறும் தண்ணியில முன்னாலருந்து பின்னால கழுவணும், டெட்டால் சோப்பு வேண்டாம். முதல்ல வர்றத விட்டுறணும், நடுவுல வர்றத 20, 30 மில்லி பிடிக்கணும், கடைசியையும் விட்டுறணும். டப்பா தோல்ல படக்கூடாது, மூடிய உள்பக்கம் மேல பாக்க வைக்கணும். 2 மணி நேரத்துக்குள்ள லேப்புக்குப் போகணும். முடியலைன்னா ஃபிரிட்ஜ்ல வை, ஃபிரீசர்ல இல்ல. சும்மா அலமாரியில வச்சா கிருமி பெருகி இல்லாத தொற்றைக் காட்டும். ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும், ஆனா சாம்பிள் கொடுத்த கையோட டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சிருவாரு. அதனால காத்திருக்க வேண்டியதில்ல.

கவிதா: சரி மதினி

மீனா: சித்தி போன மாசம் மாத்துன சுகர் மாத்திரை டபாக்ளிஃப்ளோசினா?

கவிதா: ஆமா அந்தப் பேருதான்

மீனா: அது சர்க்கரைய மூத்திரத்துல வெளியேத்துற மாத்திரை. அதனால வெளிப்பக்கம் பூஞ்சை அரிப்பு வர்றது உண்டு. அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருந்தா டாக்டர்கிட்ட வெக்கப்படாமச் சொல்லணும், அதுக்கு வைத்தியம் வேற. இன்னொண்ணு, சித்தி விரதமா?

தனம்: காப்புக் கட்டுனதுலருந்து ஒருவேளை சாப்பாடுதான். தண்ணியும் கொறச்சல்தான், வேன்ல எங்க இறங்குறது

மீனா: சித்தி, இதுதான் பெரிய விஷயம். அந்த மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பட்டினி கிடந்தா, தண்ணியும் குடிக்காம இருந்தா, ரத்தத்துல அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில சேக்குற நிலைமை வரலாம். சர்க்கரை அளவு நார்மலாக் காட்டும்போதே வரும். விரதம்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க, மாத்திரைய நிறுத்தணுமான்னு அவர் சொல்லட்டும்.

கணேசன்: தனம், ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. விரதத்த முடிச்சுக்க

தனம்: அதெப்படி அத்தான், காப்புக் கட்டியாச்சே

முருகேசன்: கவிதா, மீனா சொன்னத எல்லாம் எழுதி வச்சுக்க

விஜி: மீனாக்கா, எனக்கும் ரெண்டு நாளா லேசா எரியுது. 5 மாசம். பெரியப்பா சொன்ன கசாயம் குடிக்கலாமா?

கணேசன்: கூடாதும்மா. மாசமா இருக்கிறவங்களுக்கு நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை எதையும் நான் கொடுக்க மாட்டேன்

மீனா: விஜி, நாளைக்கு வரைக்கும் வைக்காத, இன்னைக்கே போ. கர்ப்பத்துல எரிச்சலே இல்லாம கிருமி இருந்தாக்கூட மருந்து கொடுப்பாங்க. விட்டா கிட்னிக்கு ஏறும், பிரசவம் முன்னாடியே வந்துரும்னு பயம். அதுக்குன்னு பாதுகாப்பான மாத்திரை இருக்கு. பார்லித் தண்ணி, மோரு, சாதாத் தண்ணி தாராளமாக் குடி.

கலா: ஏன்டி எங்கிட்ட சொல்லல

விஜி: நேத்து பேசும்போது நீங்க அண்டா பத்தியே பேசுனீங்கம்மா

கணேசன்: பார்லிய எல்லாரும் கஞ்சியாக் காச்சுறாங்க. இதுக்கு அப்படிக் கூடாது, வயிறு நிறைஞ்சிரும், தண்ணி உள்ள போகாது. 2 டேபிள்ஸ்பூன் முத்துப் பார்லிய ரெண்டு தடவ களைஞ்சு, 1 லிட்டர் தண்ணியில 40 நிமிஷம் சிறு தீயில வேக விட்டு, மேல தெளிஞ்சத மட்டும் இறுத்துக்கணும். அடியில இருக்கிற மாவு தனத்துக்கு வேண்டாம், சர்க்கரை ஏறும். சோளக்கதிர் நாரும் நல்லதுதான். தோல் உரிச்சு உள்ள இருக்கிற வெளிர் நாரை மட்டும் எடுக்கணும், நுனியில கருத்த நாரு மருந்தடிச்சது பட்டிருக்கும். ஒரு பிடி நாருக்கு 1 டம்ளர் கொதிச்ச தண்ணி ஊத்தி 10 நிமிஷம் மூடி வச்சாப் போதும், கொதிக்க வைக்க வேண்டாம்.

சரவணன்: பெரியப்பா இளநீர்?

கணேசன்: உனக்குக் கொடுக்கலாம்

மீனா: சித்திக்கு வேண்டாம். இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, சித்தி பிரஷருக்கு டெல்மிசார்டன் போடுறாங்க. கிட்னியும் பலவீனமா இருந்தா பொட்டாசியம் ஏறும். கிட்னிக்குப் பாக்குற கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தா கையோட எடுத்துட்டுப் போ கவிதா, டாக்டருக்கும் வேணும். கிருமிக்கு நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை எழுதினாருன்னா சாப்பாட்டோட போடணும், மூத்திரம் பழுப்பாப் போகும், பயப்படாதீங்க. எரிச்சலுக்குன்னு கடையில சிட்ரேட் சிரப் கொடுப்பாங்க, அத இதோட சேக்காதீங்க. மூத்திரத்தோட புளிப்பு குறைஞ்சா இந்த மாத்திரை சரியா வேலை செய்யாது.

ராஜேஷ்: கிரான்பெரி ஜூஸ் அமேசான்ல இருக்குக்கா

மீனா: திரும்பத் திரும்ப வராமத் தடுக்க ஓரளவு உதவும், வந்ததக் குணமாக்காது. ஜூஸ்ல சர்க்கரை வேற. அதவிடத் தண்ணி மேல். 2018-ல 140 பெண்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அடிக்கடி தொற்று வர்றவங்க, தண்ணி கம்மியாக் குடிக்கிறவங்க. தினமும் ஒண்ணரை லிட்டர் கூடுதலாக் குடிச்ச பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துல சராசரியா 1.7 தடவ வந்துச்சு, மத்தவங்களுக்கு 3.2.

கலா: அப்ப வேன் நிக்கணும். பொம்பளைக யாரும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல, நிறுத்தச் சொன்னா ஆம்பளைக முறைக்கிறது

முருகேசன்: நான் எப்ப முறைச்சேன்

கலா: போன வருஷம் நரிக்குடி விலக்குல

மீனா: அருப்புக்கோட்டையில பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க சித்தப்பா. போகும்போதும் வரும்போதும். 10 நிமிஷம் ஆனா ஆகட்டும்

முருகேசன்: டிரைவர்ட்ட கேட்டுச் சொல்றேன். பொங்கல் வைக்க நேரம் 9லருந்து 10:30. லேட் ஆனா பூசாரி கத்துவாரு

சரவணன்: 5 மணிக்குக் கிளம்பினா?

முருகேசன்: 5 மணிக்கு யார் வருவா

கணேசன்: நிறுத்தத்தான் வேணும் தம்பி

கவிதா: அத்தை லேப்புக்குக் கிளம்ப ஒத்துக்கிட்டாங்க. விரதம்தான் முடிக்க மாட்டேன்றாங்க. மாமா, நெருஞ்சில் எவ்வளவு வாங்கட்டும்?

கணேசன்: 50 கிராம் போதும். 3 நாளைக்கு மேல கொடுக்காத, அதுக்குள்ள மாத்திரை கேட்டிருக்கணும். கேக்கலைன்னா கல்ச்சர் ரிசல்ட்ட வச்சு டாக்டர் மாத்துவாரு. நடுவுல குளிர் காய்ச்சல் வந்தா கசாயத்தத் தூக்கிப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

முருகேசன்: அண்டாவுக்கு ஈயம் பூசணும். பொத்தலையும் அடைக்கணும். 600 ரூபா கேக்குறான். யார் கணக்குல போடுறது?

விஜி: டோக்கன் போட்டாச்சுக்கா, 11 மணி