"வந்தேன், கண்டேன், வென்றேன்": சீசர் எங்கே சொன்னார்?

தாமரைக்குளம் கேட்டது:
என் மகள் எட்டாம் வகுப்பு. பேச்சுப் போட்டிக்கு ஜூலியஸ் சீசரைப் பற்றிப் பேசுகிறாள். இந்த வாசகத்தைச் சீசர் பிரிட்டனில் இறங்கியபோது சொன்னதாக நான்தான் எழுதிக் கொடுத்தேன். இல்லை, கிளியோபாட்ராவைப் பார்த்தபோது சொன்னது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நாளை மறுநாள் போட்டி. எது சரி?

பழைய வரைபடம்:
இரண்டும் இல்லை. கி.மு. 47, ஆகஸ்ட் மாதம், ஜேலா போர். இன்று அது துருக்கியில் ஸிலே என்ற ஊர். எதிரி, கருங்கடலின் தென்கரையில் இருந்த பொந்துஸ் நாட்டின் மன்னன் இரண்டாம் ஃபார்னாசஸ். எகிப்துப் போரை முடித்துவிட்டு நேராக அங்கே போனார் சீசர். உறவினருக்குக் கிளியோபாட்ரா நினைவு வந்தது அதனால்தான் போலும்.

நேர்நேர்:
முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். யாப்பில் இரண்டு நேரசை சேர்ந்த தேமாச் சீருக்கு நான் கரும்பலகையில் எழுதும் எடுத்துக்காட்டே இந்த மூன்று சொற்கள்தான்.

அம்மா, மகளிடம் அந்தக் காலை நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ரோமானிய வீரர்கள் குன்றின்மேல் மண்வெட்டியும் கையுமாக அரண் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஃபார்னாசஸின் படை பள்ளத்தாக்கில் இறங்கி, அரிவாள் பூட்டிய தேர்களோடு மேட்டில் ஏறி வருகிறது. மேடேறித் தாக்க எந்தப் படைத்தலைவனும் துணிய மாட்டான் என்றுதான் சீசரே முதலில் நினைத்தார். ஆனால் ஃபார்னாசஸின் தந்தை மித்ரிடேட்டஸ் இருபது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் ரோமானியரை முறியடித்தவர். ராசியான மண் என்று மகன் நம்பினான். எதிரியைக் கண்ணால் கண்ட நான்கு மணி நேரத்தில் போர் முடிந்துவிட்டது என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். மறு ஆண்டு ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் போர் நிகழ்ச்சிகளைச் சொல்லும் வாசகத்துக்குப் பதில் இந்த மூன்று சொற்களை எழுதித் தூக்கிச் சென்றார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். ரோமில் இருந்த நண்பருக்குச் சீசர் எழுதிய கடிதத்தில் வந்தது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க்.

புளூட்டார்க் எழுதியது கிரேக்கத்தில். லத்தீனில் மூன்று சொற்களும் ஒன்றுபோல் முடிவதால் வரும் அழகை அவர் வியக்கிறார். அவருடைய கிரேக்கத்திலோ மூன்றாவது சொல் ஒத்து முடியவில்லை. ஆங்கிலத்தில் "நான்" மூன்று முறை வர வேண்டும். தமிழில் லத்தீனைப் போலவே தன்மை விகுதிக்குள் "நான்" அடங்கிவிடுகிறது. வந்தேன், கண்டேன், வென்றேன்: மூன்றும் ஈரசை, மூன்றிலும் மெல்லினத்தை அடுத்து வல்லினம், மூன்றுக்கும் ஒரே "ஏன்" விகுதி. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எந்த மொழியிலும் நான் பார்த்ததில்லை.

தாமரைக்குளம்:
மிக்க நன்றி ஐயா. பேச்சில் பிரிட்டன் வரியை அடித்துவிட்டேன். லத்தீனிலும் ஒரு முறை சொல்ல வேண்டுமாம் அவளுக்கு. எப்படி உச்சரிப்பது?

நேர்நேர்:
சீசர் காலத்து ஒலி ஏறக்குறைய "வேனீ, வீதீ, வீக்கீ". வகரத்தை உதடு குவித்துச் சொல்லட்டும். கடைசிச் சொல்லை "வீச்சி" என்பது பிற்காலத் திருச்சபை வழக்கு. மூன்றுக்கும் நடுவில் மூச்சு விடாமல் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் போரின் வேகம் அதில்தான் இருக்கிறது.