ஸ்டாக்ஹோம் போக எது சரி, மே கடைசியா இல்ல மிட்சம்மரா?

மழைக்காதலி:
நானும் வீட்டுக்காரரும் அம்மாவும் சேர்ந்து ஆறு நாள் ஸ்டாக்ஹோம் போலாம்னு இருக்கோம், முடிஞ்சா கடைசி ரெண்டு நாள் கோபன்ஹேகன். மே கடைசி வாரமா, ஜூன்ல மிட்சம்மர்ங்கற அவங்க கோடைத் திருவிழா வர்ற வாரமான்னு வீட்ல ஒரே பட்டிமன்றம். அவருக்கு நடுராத்திரி சூரியனைப் பாக்கணுமாம், அம்மாவுக்குக் குளிர் ஆகாது, எனக்கு மியூசியம், பழைய தெருக்கள், படகு இது போதும். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ஊர்சுத்தி:
முதல்ல உங்க வீட்டுக்காரரைக் கோச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. ஸ்டாக்ஹோம்ல நடுராத்திரி சூரியன் எந்த மாசமும் கிடையாது, அதுக்கு ஆர்க்டிக் வட்டம் தாண்டி கிருனா, ட்ரோம்சோன்னு போகணும். ஸ்டாக்ஹோம்ல ஜூன் 21 வாக்குல ராத்திரி பத்து மணிக்கு மேல சூரியன் இறங்கி விடிகாலை மூன்றரைக்கு மேல வந்துடும், நடுவுல கும்மிருட்டு இல்லாம நீலமா ஒரு வெளிச்சம் நிக்கும், அவ்ளோதான். மே 25 வாக்குலயே அஸ்தமனம் ஒன்பதரைக்குத்தான், அந்த அரை மணிக்காக ஒரு மாசம் தள்ளிப் போடணுமா என்ன.

இன்னொன்னு, நான் பட்டதைச் சொல்றேன். விவரம் தெரியாம மிட்சம்மர் ஈவ் அன்னிக்கு மத்தியானம் போய் இறங்கினேன், ஸ்வீடன்ல அது ஜூன் 19லேர்ந்து 25க்குள்ள வர்ற வெள்ளிக்கிழமை. மாலை, மலர்க்கிரீடம், ஆட்டம்னு போட்டோல பாத்தது எல்லாம் கிராமத்துலயும் தீவுலயும் நடக்குது, ஸ்டாக்ஹோம்காரங்க மூட்டை கட்டிட்டு அங்கதான் போயிடறாங்க, சிட்டியில ஷட்டர் ஷட்டரா இழுத்து விட்டிருக்கு. திருவிழா பாக்கப் போய் ஊரடங்குல மாட்டின கதை. ஸ்டேஷன் கிட்ட ஒரு குட்டிக் கடையில வாங்கின பன்னும் வாழைப்பழமும்தான் அன்னிக்கு டின்னர்.

கடலோடி:
ஊர்சுத்தி சொல்றது சரிதான், ஆனா ஸ்கான்சனை விட்டுட்டீங்களே சகோ. யூர்கோர்டன் தீவுல இருக்கற திறந்தவெளி மியூசியம், 1891ல ஆரம்பிச்சது, சிட்டிக்குள்ளயே மிட்சம்மர் கம்பம் நட்டு ஆடறது அங்க பாக்கலாம். கூட்டம் பிதுங்கும், அதுவும் மேடு ஏறணும். மழை வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க, மிட்சம்மர்னாலே மழைதான்னு ஸ்வீடன்காரங்களே கிண்டல் பண்ணிப்பாங்க.

பஞ்சுமிட்டாய்:
என் ஓட்டு மே கடைசிக்கு. அப்ப லைலாக் பூக்க ஆரம்பிக்கும், அந்த ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ‘ஹெக்குக்கும் சிரேனுக்கும் நடுவுல’ன்னு ரெண்டு பூவை வச்சே அவங்க பாஷையில ஒரு பேர் இருக்கு (ஹெக் ஒரு வெள்ளைப் பூ, சிரேன்னா லைலாக்தான்). ஆனா பகல்ல 16, 18 டிகிரின்னு சொன்னதை நம்பி மெல்லிசா போட்டுட்டுப் போயிடாதீங்க, படகு மேல் தட்டுல காத்து பிச்சுக்கிட்டுப் போகும், அம்மாவுக்கு குல்லா, காத்துத் தடுக்கற ஜாக்கெட் ரெண்டும் கட்டாயம். வீட்ல யாருக்காவது மகரந்த அலர்ஜி இருந்தா மே முதல் பாதி வேண்டாம், பிர்ச் மரம் மூக்கை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். அப்புறம் அசென்ஷன் டேன்னு இயேசு விண்ணேற்ற நாள் லீவ் ஒண்ணு இருக்கு, ஈஸ்டர்லேர்ந்து கணக்கு பண்றதால வருஷா வருஷம் மாறும், எப்பவும் வியாழக்கிழமை, வெள்ளியும் சேர்த்து லீவ் போட்டு நாலு நாள் ஊருக்குப் போயிடுவாங்க, உங்க தேதியில விழுதான்னு பாத்துக்கோங்க.

மழைக்காதலி:
எல்லாருக்கும் நன்றி, மே கடைசின்னு முக்கால்வாசி முடிவாயிடுச்சு. அவர் மட்டும் சூரியன் போச்சு, சரி, மிட்சம்மர் சமயத்துல நெருப்பு மூட்டறதையாவது பாக்கலாமேங்கறார்.

கடலோடி:
அதுக்கு கோபன்ஹேகன்தான். டென்மார்க்ல கிழமை எதுவா இருந்தாலும் ஜூன் 23 சாயங்காலம், கடற்கரையில பெரிய தீ மூட்டி மேல ஒரு சூனியக்காரி பொம்மையை வச்சுக் கொளுத்துவாங்க. அங்க அது அரசு விடுமுறை இல்லாததால கடையும் திறந்திருக்கும். தேதியை மாத்திடாதீங்க, அவரை மட்டும் தனியா அனுப்பி வைங்க 😄

மழைக்காதலி:
இதைப் படிச்சுக் காட்டினேன், அம்மா இப்பவே சரின்னுட்டாங்க.